சேதியும் சோறும் சுமந்த கம்பி

சில ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வாழும் என் தமையனார் மகன் வீட்டில் ஒரு கோடைகாலம் முழுவதும் தங்கியிருந்தேன். அந்நாட்டு வழக்கப்படி மரச் சட்டங்களால் கட்டப்பட்ட வீடு. அடியிலே ஒரு நிலவறை. சாய்ந்த கூரைக்கும் மாடிக்கும் இடையே ஒரு பெரிய பரண். ஒருநாள் அவன் என்னை ஏணி வழியே அந்தப் பரணுக்கு அழைத்துச் சென்றான். கூரையின் உட்புறத்தில் தொலைக்காட்சி ஏரியல் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் அருகே உள்ளங்கை அகலமுள்ள கறுப்புப் பெட்டி ஒன்று. அதுதான் டியூனர். ஏரியல் பிடித்துத் தரும் பல நிலையங்களின் அலைகளிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுத்து, வீட்டிலுள்ள கணிப்பொறிகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் அனுப்புவது அதன் தொழில்.

ஏரியலிலிருந்து நெடுந்தூரம் கம்பி இழுத்தால் நுண்ணிய அலை வழியிலேயே மெலிந்துபோகும். ஆகவே டியூனரை ஏரியலின் காலடியிலேயே வைத்துவிட்டான். அது சரி. ஆனால் அந்தப் பரணில் மின்சாரப் பிளக் எதுவும் இல்லை. பெட்டியிலோ பச்சை விளக்கு ஒன்று மினுமினுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நீலநிறக் கம்பிதான் கீழேயிருந்து வந்து அதன் அருகில் முடிந்தது.

“மின்சாரம் எங்கிருந்து வருகிறதப்பா?” என்றேன்.

“சேதி போகிற கம்பியிலேயே சோறும் வருகிறது, சித்தப்பா” என்றான்.

அவன் அதைப் புதுமை என்று எண்ணிச் சொன்னான். எனக்கோ வேறோர் அறை நினைவுக்கு வந்தது. 1960களின் இறுதி. எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் தந்தையாரின் நண்பர் ஒருவர் பணிபுரிந்தார். பள்ளி விடுமுறையில் அவரோடு உள்ளே சென்றிருக்கிறேன். பின்கட்டிலே ஓர் அறை. கதவைத் திறந்தவுடன் அமில நெடி மூக்கைத் துளைக்கும். வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள் அமிலத்தில் மூழ்கிக் கிடக்கும். “ஊரிலுள்ள எல்லா டெலிபோனுக்கும் இங்கிருந்துதான் உயிர்” என்பார் அவர். ஒரு புயலிரவில் ஊர் முழுவதும் விளக்கு அணைந்தது. அந்த இருட்டிலும் அறுந்துவிழாத கம்பிகள் எல்லாம் பேசின. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் டாக்டருக்கும் தாசில்தாருக்கும் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பரணிலே மினுமினுத்த பச்சை விளக்குக்கும் அந்த ஈயத் தொட்டிகளுக்கும் உறவு உண்டு. அந்த உறவின் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தந்தி. அமெரிக்காவில் சாமுவேல் மோர்ஸ் 1844இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பினார். நம் நாட்டில் 1851இல் கல்கத்தாவுக்கும் டைமண்டு ஹார்பருக்கும் இடையே தந்திக் கம்பி செயற்பட்டது. 2013 ஜூலையில் இந்தியத் தந்திப் பணி நிறுத்தப்படும்வரை அந்த மரபு நீடித்தது. தந்தியில் சேதி வேறு, மின்சாரம் வேறு என்ற பேச்சே இல்லை. இந்த முனையில் உள்ள பாட்டரியின் மின்னோட்டம் அந்த முனையில் உள்ள இரும்பு நாவை இழுத்துக் ‘கட்கட்’ என்று ஒலிக்கச் செய்யும். அந்த ஒலியே சேதி.

சேதிக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பதை உணராமல் கைசுட்டுக்கொண்ட கதை ஒன்றும் உண்டு. 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலின் அடியிலே முதல் தந்தி வடம் போட்டு முடித்தார்கள். விக்டோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய வாழ்த்து, நூறு சொல்லுக்கும் உட்பட்டது. அது போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. வில்லியம் தாம்சன் என்ற பௌதிகப் பேராசிரியர், மெல்லிய மின்னோட்டம் போதும், அதை உணரும் கருவி நுட்பமாக இருந்தால் சரி என்றார். வடத்தின் மின்பொறுப்பாளரோ தொழிலால் ஓர் அறுவை மருத்துவர். வைல்ட்மன் வைட்ஹவுஸ் என்பது பெயர். சேதி மெதுவாகப் போகிறதே என்று அவர் 2000 வோல்ட் அளவுக்கு அழுத்தத்தை ஏற்றினார். ஏற்கெனவே பழுதுற்றிருந்த வடம் அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் ஊமையாகிவிட்டது. நிலைத்த தொடர்புக்கு 1866 வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி டெலிபோனுக்கு வருவோம். சேதியும் சோறும் முதன்முதலாகப் பிரிந்து, பிறகு மீண்டும் கூடியது இங்கேதான். 1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் உரிமம் பெற்ற பிறகு வெளிவந்த முதல் டெலிபோன்களுக்குப் பாட்டரி தேவைப்படவில்லை. பேசுகிறவரின் குரலின் அதிர்வு ஒரு தகட்டை அசைக்கும். காந்தத்தின் அருகே தகடு அசைவதால் நூலிழை போன்ற மின்னோட்டம் பிறக்கும். அதுவே மறுமுனைக்குப் போகும். மனிதனின் குரலே மின்னாக்கி! கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் சில மைல் தாண்டினால் காதில் எதுவும் விழாது. 1877 தொடங்கி எடிசன் முதலியோர் கரித்துகள் வைத்த பேசும் கருவியை உருவாக்கினார்கள். அதிலே குரல் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. பாட்டரியிலிருந்து ஓடும் மின்சாரத்தைக் குரல் கூட்டிக் குறைக்கிறது. மதகுக் கதவை ஒரு சிறுவன் ஏற்றி இறக்கினால் வாய்க்கால் நீர் முழுவதும் கூடிக் குறைவதில்லையா? அதுபோல.

குரல் உரத்துக் கேட்டது. ஆனால் அந்தப் பாட்டரியை எங்கே வைப்பது? பேசுகிறவர் வீட்டில்தான் வைத்தார்கள். நவச்சாரக் கரைசல் நிறைந்த லெக்லாஞ்சே மின்கலங்கள் சுவரோரமாக ஒரு பெட்டியில் இருக்கும். மணியடித்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட ஒரு கைச்சுழற்றி. 1882 ஜனவரி 28ஆம் நாள் சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் முறையாகத் திறக்கப்பட்டபோது உலக வழக்கம் இதுவாகவே இருந்தது. நூறு வீடுகள் என்றால் நூறு பாட்டரிகள். கரைசல் வற்றும், துத்தநாகக் கோல் கரையும், ஆள் போய்ப் புதுப்பிக்க வேண்டும். சந்தாதாரர் ஆயிரக்கணக்கில் பெருகியபோது அது தீராத வேலையாயிற்று.

அதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் பாஸ்டனில் பெல் நிறுவனத்தின் பொறியியலாளராக இருந்த ஹாமண்ட் ஹேய்ஸ். எல்லா வீட்டுப் பாட்டரிகளையும் எடுத்துவிடுவோம்; எக்ஸ்சேஞ்சில் ஒரே பெரிய பாட்டரியை வைத்து, பேசும் கம்பி வழியாகவே ஒவ்வொரு வீட்டுக்கும் மின்சாரம் அனுப்புவோம் என்பது திட்டம். 1893 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெக்சிங்டன் என்ற சிற்றூரில் இத்தகைய எக்ஸ்சேஞ்சு இயங்கத் தொடங்கிற்று.

சொல்வது எளிது, செய்வதிலே ஒரு சங்கடம் உண்டு. ஊருக்கெல்லாம் ஒரே பாட்டரி என்றால் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாதா? இதை எப்படித் தடுத்தார்கள் என்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். பாட்டரியின் மின்னோட்டம் ஒரே திசையில் சீராக ஓடுவது. குரலின் மின்னோட்டம் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை துடிப்பது. இரும்பு உள்ளீடுள்ள கம்பிச்சுருள் ஒன்றை ஒவ்வோர் இணைப்பிலும் இட்டால், சீரான ஓட்டம் தடையின்றிச் செல்லும். துடிப்பு அதைத் தாண்டிப் பாட்டரிக்குள் நுழைய முடியாது. சோறு ஒரு வாசலில், சேதி மறு வாசலில். இந்தப் பிரிக்கும் கலை கைவந்த பிறகு வேறு ஆதாயங்களும் தாமாகவே வந்து சேர்ந்தன. கைபேசிக் குழலைக் கொக்கியிலிருந்து எடுத்தவுடன் சுற்று மூடி மின்சாரம் ஓடும், எக்ஸ்சேஞ்சில் விளக்கு எரியும், கைச்சுழற்றியே வேண்டாம்.

காலப்போக்கில் 48 வோல்ட் என்பது உலகெங்கும் வழக்கமாயிற்று. ஈய மின்கலம் ஒன்று 2 வோல்ட் தரும். 24 தொட்டிகள் சேர்ந்தால் 48. தொட்டால் பொதுவாக ஆபத்து விளையாத அளவு. அதே வேளையில் சில மைல் தொலைவுக்குத் தள்ளவும் போதுமான அளவு. நேர்முனையை நிலத்தோடு இணைத்தார்கள். ஈரமண்ணில் செப்புக்கம்பி அரிக்கப்படுவதை அது குறைக்கிறது. எங்கள் ஊர்ப் பின்கட்டில் நான் கண்டது இந்தத் தொட்டிகளைத்தான்.

வானொலி நிலையத்துக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே சொல்லாமல் போவதற்கில்லை. நல்ல ஒலிவாங்கிகள் சிலவற்றுக்கு உள்ளே மின்சாரம் தேவை. 1966இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காகப் புதிய ஒலிவாங்கி ஒன்றை அமைத்தது. குளிர்காலத்தில் பகல் குறுகிய நாடு அது; நார்வே நிலையத்தில் துணை விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே ஒலிக்கம்பி வழியாகச் செலுத்திவிட்டார்கள். இன்று உலகிலுள்ள ஒலிப்பதிவுக் கூடங்களில் எல்லாம் அந்த 48 வோல்ட்தான்.

அங்கே கையாண்ட தந்திரம் 1880களில் ஜான் கார்ட்டி முதலிய டெலிபோன் பொறியியலாளர்கள் பயன்படுத்திய ‘மாயச் சுற்று’ என்ற உபாயத்தின் வழிவந்தது. நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமமாக இழுத்தால் வண்டி நேரே போகும். ஒன்று சற்று முந்தி மற்றொன்று பிந்தினால் நுகம் திரும்பும். இரண்டு கம்பிகளிலும் மின்சாரத்தைச் சமமாக ஏற்றினால் அது வண்டியை இழுக்கும் பொது வலிமை. சேதியோ இரண்டு கம்பிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, அதாவது நுகத்தின் அசைவு. பெறுகின்ற கருவி வேறுபாட்டை மட்டும் கவனித்தால் போதும். பொது வலிமை அதன் கண்ணில் படாது. ஒரே இணைக்கம்பியில் இரண்டும் கலவாமல் செல்கின்றன.

இந்தக் கலையின் உச்சத்தை நான் நிலத்தில் காட்டமாட்டேன், கடலடியில் காட்டுவேன். 1956 செப்டம்பர் 25ஆம் நாள் ஸ்காட்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே முதல் அட்லாண்டிக் டெலிபோன் வடம் திறக்கப்பட்டது. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்றாக இரண்டு வடங்கள். ஒவ்வொன்றிலும் 51 இடங்களில் குரலைப் பெருக்கும் வால்வுக் கருவிகள். அந்த வால்வுகளின் இழைகள் சூடேற மின்சாரம் வேண்டும். கடலடிக்கு யார் பிளக் கொண்டுபோவது? வடத்தின் நடுக்கம்பி வழியாகவே, இரண்டு கரைகளிலிருந்தும் ஏறக்குறைய 2000 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் ஊட்டினார்கள். திருவிழாவில் தொங்கவிடும் தொடர் விளக்குகளைப் போல எல்லாம் ஒரே சரத்தில். சரத்தில் ஒன்று கெட்டாலும் முழுவதும் இருண்டுவிடும் அல்லவா? ஆகையால் இருபது ஆண்டு கெடாத வால்வுகளைத் தேர்ந்தெடுத்து வைத்தார்கள். 1978 வரை அந்த வடம் பணிசெய்தது. 1963இல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் அமைத்த அவசரத் தொடர்பும் அதன் வழியே சென்றது. வைட்ஹவுஸ் எந்த அழுத்தத்தால் ஒரு வடத்தைக் கெடுத்தாரோ, ஏறத்தாழ அதே அழுத்தத்தில் இன்னொரு வடம் இருபது ஆண்டுக்கு மேல் பேசியது! 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கண்ணாடியிழை வடத்திலும் சேதி ஒளியாகப் போகிறது. இத்தகைய நெடுங்கடல் வடங்களின் பெருக்கிகளுக்குச் சோறு போடுவதற்கு இன்றும் இழைகளைச் சூழ்ந்த செம்பு ஒன்று வேண்டியிருக்கிறது.

இப்போது நீலக் கம்பிக்குத் திரும்பலாம். கணிப்பொறிகளை இணைக்கும் ‘ஈதர்நெட்’ முறையை 1973இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் வகுத்தனர். முதலில் தடித்த வடம் ஒன்றில் அது ஓடியது. 1990இல் முறுக்கிய இணைக்கம்பிகளுக்கு மாற்றினார்கள். முறுக்கிய இணைக்கம்பிக்கு 1881இலேயே உரிமம் பெற்றவர் பெல்தான். அவருடைய நான்கு இணைகளை ஒரே உறையில் இட்டால் அதுவே நீலக் கம்பி!

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் அலுவலக டெலிபோன்களையும் இந்தக் கணிப்பொறி வலைக்குள் கொண்டுவந்தார்கள். உடனே பழைய நோய் திரும்பிற்று. ஒவ்வொரு மேசையிலும் டெலிபோனுக்கென்று ஒரு மின்மாற்றிப் பெட்டி. கட்டடத்தில் மின்சாரம் போனால் அத்தனை டெலிபோனும் ஊமை. 1893க்கு முந்திய நிலைதான். 1999இல் பொறியியலாளர் குழு ஒன்று கூடிற்று. 2003இல் பொதுவிதி வெளியாயிற்று. பெட்டிக்குக் கம்பி வழியாகவே மின்சாரம். அழுத்தம் பழைய டெலிபோனை ஒட்டிய 48 வோல்ட். இணைகளில் ஏற்றும் முறை அந்த நுகத்தடித் தந்திரம். அனுப்பும் முனையில் 15.4 வாட், பெறும் முனையில் 12.95 வாட். மீதி எங்கே என்று கேட்பீர்கள். 100 மீட்டர் கம்பியின் தடை 20 ஓம் எனக் கொண்டார்கள், மின்னோட்டம் 0.35 ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிப் பாருங்கள்: 2.45 வாட். அது கம்பியைச் சற்று வெதுவெதுப்பாக்கிச் செலவாகிவிடுகிறது. 2009இல் அனுப்பும் அளவு 30 வாட்டாகவும், 2018இல் 90 வாட்டாகவும் உயர்ந்தது.

அந்த விதியில் என்னை வியக்கவைப்பது அளவன்று, அதன் நாகரிகம். நீலக் கம்பியின் முனையை யாரும் எந்தக் கருவியிலும் செருகலாம். மின்சாரத்தை எதிர்பாராத கருவிக்குள் 48 வோல்ட் பாய்ந்தால் என்ன ஆகும்? ஆகவே அனுப்பும் பெட்டி முதலில் 10 வோல்ட்டுக்கு உட்பட்ட சிற்றழுத்தத்தால் கதவைத் தட்டிப் பார்க்கிறது. அந்தப் பக்கம் 25,000 ஓம் தடை ஒன்று தெரிந்தால், ‘பசித்தவன் இருக்கிறான்’ என்று பொருள். எவ்வளவு வேண்டும் என்று அடுத்து விசாரிக்கிறது. அதன்பிறகே இலை போடுகிறது. கம்பியைப் பிடுங்கினால் அரை வினாடிக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது.

என் தமையனார் மகன் இந்த வழிக்கு நேரே வந்துவிடவில்லை. முதலில் குறுக்குவழி தேடினான். டியூனருக்கு வேண்டியது 5 வோல்ட், 1 ஆம்பியர். வெறுமனே இருந்த கம்பி இணைகளில் கீழேயிருந்து 5 வோல்ட்டை அப்படியே ஏற்றினான். பரண்வரை 30 மீட்டர். போகவர இரண்டரை ஓம் தடை. 1 ஆம்பியர் ஓடினால் இரண்டரை வோல்ட் வழியிலேயே தொலையும். பாதிச் சோறு பாதையிலே கொட்டிவிட்டது. பெட்டி விழித்து விழித்து மயங்கியது. பிறகு விதிப்படி நிலவறையில் மின்சாரம் அனுப்பும் இணைப்புப் பெட்டியையும், பரணில் 48 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சிறு பிரிப்பானையும் வைத்தான். இப்போது அதே 5 வாட்டுக்குக் கம்பியில் 0.1 ஆம்பியர் அளவே ஓடும். இழப்பு கால் வோல்ட். “இதைத்தானே பள்ளியில் ஓமின் விதி என்று சொன்னீர்கள்!” என்று சிரித்தான். நான் முப்பது ஆண்டு பௌதிகம் கற்பித்தவன். எனக்கும் சிரிப்பு வந்தது.

இத்தனைக்கும் நடுவே ஊர்தோறும் இருந்த அந்தப் பெரிய பாட்டரி மறைந்துகொண்டிருக்கிறது. வீடுகளுக்குக் கண்ணாடியிழை வருகிறது. அது ஒளியைத் தருமே தவிர மின்சாரம் தராது. பிரிட்டனில் செப்புக் கம்பி டெலிபோன்களை மாற்றிவந்தபோது, முதியோர் கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவிகள் சில வேலை செய்யாமற்போயின. அதனால் 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைத்தார்கள். 2024இல், முழு மாற்றத்துக்கான கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். மின்சாரம் போன இரவிலும் டெலிபோன் பேசும் என்பதை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் இயல்பு என்று எண்ணியிருந்தனர். அது ஒரு பின்கட்டு அறையில் யாரோ அமிலம் ஊற்றிக் காத்ததால் வந்த இயல்பு. இனி அந்தக் காவல் வேலை வீட்டுக்காரர் தலையில். என் தமையனார் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் ஒரு பாட்டரிப் பெட்டியை வாங்கிவந்து நிலவறை இணைப்புப் பெட்டியோடு பொருத்தினான்.

நான் ஊர் திரும்புவதற்குச் சில நாள் முன்பு, இரவு பத்து மணியளவில், சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதிற்று. எல்லோரும் நிலவறைக்கு இறங்கினோம். சற்று நேரத்தில் தெருவே இருண்டது. வரவேற்பறையிலிருந்த பெரிய தொலைக்காட்சி அணைந்தது. ஆனால் மடிக்கணினியில் உள்ளூர் நிலையத்தின் படம் நிற்கவில்லை. புயற்சின்னம் எந்தச் சாலையை நோக்கிப் போகிறது என்று அறிவிப்பாளர் வரைபடத்தில் சுட்டிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கீழே அந்தப் பாட்டரிப் பெட்டி விட்டு விட்டு ‘பீப்’ என்று ஒலித்தது. அங்கிருந்து புறப்பட்ட நீலக் கம்பி இருட்டிலே இரண்டு மாடிகளைத் தாண்டிப் பரணுக்குப் போயிற்று. பதினொன்றரை மணிக்கு, எங்கள் வட்டாரத்துக்கு எச்சரிக்கை நீங்கியது என்றார் அறிவிப்பாளர். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம்.